ஊசிக் காது தெரியாத வயது

வணக்கம் நேயர்களே. ஏழை நாடுகளில் கண் நலம் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். கண்புரை, வெள்ளெழுத்து, கண்ணைக் கெடுக்கும் தொற்றுகள், குழந்தைகளின் கண், கடைசியாகக் கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்தம் என்று ஐந்து விஷயம் தாளில் குறித்து வந்திருக்கிறேன். நேரம் 10 நிமிடம்தான், பார்ப்போம்.

முதலில் ஒரே ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பார்வை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகத்தில் 220 கோடிப் பேருக்குக் கிட்டத்திலோ தூரத்திலோ பார்வைக் குறை இருக்கிறது, அதில் குறைந்தது 100 கோடிப் பேருடைய குறை வராமலே தடுத்திருக்கலாம் அல்லது இன்றைக்கும் சரிசெய்யலாம் என்று அதில் இருக்கிறது. 100 கோடி! இவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது ஒரு கண்ணாடி, இல்லையென்றால் சின்ன ஓர் அறுவை சிகிச்சை. இனிமேல்தான் யாரோ கண்டுபிடிக்க வேண்டிய மருந்துக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. ஏற்கெனவே இருப்பது அவர்கள் கைக்குப் போய்ச் சேரவில்லை. இதைத்தான் நான் 20 வருடமாகப் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்றைக்கும் இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, வெள்ளெழுத்து. வானொலியில் படம் போட்டுக் காட்ட முடியாது, அதனால் உங்கள் விரலையே எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நுனியின் ரேகையைப் பார்த்தபடி மெதுவாகக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். ஓர் இடத்தில் ரேகை கலங்கிப் போகும். 20 வயதுக்காரருக்கு அது மூக்குக்கு வெகு அருகில். 50 வயதுக்காரர் கையை நீட்டினால்தான் தெரியும். கண்ணுக்குள்ளே இருக்கிற வில்லை இளமையில் இளக்கமாக வளைந்து கொடுக்கும், 40-ஐத் தாண்டும்போது இறுகிப்போகும், அவ்வளவுதான். இதை நோய் என்றே சொல்ல முடியாது, நரை மாதிரி எல்லோருக்கும் வருவது. ஆனால் உலகத்தில் 82 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இதற்கான கண்ணாடி இல்லாமலே காலம் தள்ளுகிறார்கள்.

நான் கண் பரிசோதகர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முகாமில் இரண்டு நாள் உட்கார்ந்து 100 பேருக்கு மேல் பார்த்து, ஒவ்வொருவருக்கும் கண்ணாடி அளவைச் சீட்டில் எழுதிக் கொடுத்தோம், நகரத்துக்குப் போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று. ஒரு வருடம் கழித்து அதே இடத்துக்குப் போனோம். ஓர் அம்மா தகரப் பெட்டியைத் திறந்து, நாலாக மடித்த அந்தச் சீட்டை எடுத்து நீட்டினார். பத்திரமாக வைத்திருந்தார், நன்றாக இருக்கிறது, ஆனால் கண்ணாடி இல்லை. நகரத்துக்குப் போகிற செலவு, ஒரு நாள் கூலி போவது, கூட வர ஆள், இதையெல்லாம் நாங்கள் யோசிக்கவே இல்லை. சீட்டு கொடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டோம்.

அப்புறம்தான் கண்ணாடியைக் கையோடு கொண்டுபோக ஆரம்பித்தோம். வெள்ளெழுத்துக்கு அது சுலபம், பவர் 1-லிருந்து 3 வரை அரை அரைப் புள்ளியாக ஆயத்தக் கண்ணாடிகள் கிடைக்கும், இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவு. அப்படி ஒரு முகாமுக்கு 45 வயது மதிக்கத்தக்க தையல்காரப் பெண் வந்தார். எழுத்து அட்டையைக் கொடுத்தேன், எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி என்றார். சரி அக்கா, ஊசியில் நூல் கோத்துக் காட்டுங்கள் என்று ஊசியைக் கொடுத்தேன். நூல் நுனியை உதட்டில் ஈரப்படுத்தி, முறுக்கி, கையை முழுக்க நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து... நாலு தடவை நூல் ஊசிக்குப் பக்கத்தில் போனது, காதுக்குள் போகவில்லை. வீட்டில் மகள்தான் கோத்துக் கொடுப்பாள், அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை மெஷின் சும்மா கிடக்கும் என்றார். 1.5 கண்ணாடியை மாட்டிவிட்டேன். ஒரே தடவையில் கோத்தார். கோத்ததை உருவிவிட்டு மறுபடியும் கோத்தார். பிறகு தான் தைத்துப் போட்டிருந்த மேல்சட்டையின் கை ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, தையல் வளைந்து வளைந்து போயிருந்ததை விரலால் தடவிக்கொண்டே, "இதையா தம்பி நான் தைத்தேன், யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே" என்றார். எனக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை.

ஒருவர் கதைதானே என்று நினைப்பீர்கள். அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட தொழிலாளர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2018-ல் வெளிவந்தது. கண்ணாடி கிடைத்தவர்களின் வேலைத் திறன், கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால் சுமார் 22 சதவீதம் கூடியிருந்தது. பங்களாதேஷ் கிராமங்களில் நடந்த ஆய்வு 2024-ல் வந்தது, அங்கே எட்டு மாதத்தில் மாத வருமானமே ஏறக்குறைய 33 சதவீதம் அதிகம். இலை பறிக்கிறவருக்கு எதற்குப் படிக்கிற கண்ணாடி என்று என்னிடம் படித்தவர்களே கேட்டிருக்கிறார்கள். கொழுந்தைப் பார்த்துத்தானே பறிக்க வேண்டும்? அரிசியில் கல் பொறுக்குவது, வலை முடைவது, மாத்திரை அட்டையில் தேதி பார்ப்பது எல்லாமே கிட்டப் பார்க்கிற வேலைதான்.

ஒன்று சொல்ல வேண்டும், கண்ணாடியை மட்டும் விநியோகித்துவிட்டு வந்துவிடக் கூடாது. மாட்டிவிடுகிற கையோடு கண்ணையும் பார்க்க வேண்டும், புரை இருக்கலாம், வேறு கோளாறும் இருக்கலாம்.

கண்புரைக்கு வருகிறேன். உலகத்தில் பார்வை இழப்புக்கு முதன்மையான காரணங்களில் ஒன்று. மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைக்க, கைதேர்ந்தவருக்குச் சில நிமிடங்கள் போதும். அந்தச் செயற்கை வில்லையின் விலைதான் முன்பு ஏழை நாடுகளுக்குத் தடையாக இருந்தது. 1992-ல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப் நிறுவனம் அதைத் தயாரிக்க ஆரம்பித்தது, பிறகு நேபாளத்தில் திலகங்கா கண் மருத்துவ நிறுவனத்திலும் செய்தார்கள், விலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. அப்படியும், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, புரையால் பார்வை குறைந்தவர்களில் 17 சதவீதம் பேருக்குத்தான் தகுந்த சிகிச்சை கிடைத்திருக்கிறது. பத்து லட்சம் பேருக்கு ஒரு கண் மருத்துவர்கூட இல்லாத நாடுகள் ஆப்பிரிக்காவில் உண்டு. வில்லை மலிவானாலும் அதை வைக்க ஆள் வேண்டுமே. அதனால் அங்கே சில நாடுகளில் செவிலியர்களுக்கே புரை அறுவைப் பயிற்சி கொடுக்கிறார்கள், அது நல்ல வழி என்றுதான் நான் நினைக்கிறேன். பாட்டிமார்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாத்தாவை அழைத்துப் போவார்கள், பாட்டி "எனக்கு இனிமே எதுக்கு" என்று உட்கார்ந்துவிடுவார். வீட்டில் யாராவது ஒருவர் பிடிவாதம் பிடித்தால்தான் வருவார்.

தொற்றுகள். டிரக்கோமா என்று ஒன்று. திரும்பத் திரும்பத் தொற்றினால் இமையின் உட்புறம் தழும்பேறி, இமை மயிர் உள்பக்கம் திரும்பிவிடும், ஒவ்வொரு சிமிட்டலுக்கும் கருவிழியை உரசும். வலி தாங்காமல் முடியைப் பிடுங்கிக்கொள்கிற பெண்கள் இருக்கிறார்கள். குழந்தைகளிடமிருந்து தொற்றுவதால் தாய்மார்களுக்குத்தான் அதிகம். முகம் கழுவத் தண்ணீர், கழிப்பிடம், மருந்து, இமைக்குச் சின்ன அறுவை, இந்த நாலையும் விடாமல் செய்து கானா 2018-ல் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்கிற நிலையிலிருந்து அதை ஒழித்துவிட்டது. ஆற்றோர ஈ கடித்து வரும் ஆற்றுக் குருடு நோயையும் நைஜர் 2025-ல் ஒழித்தது, ஆப்பிரிக்காவில் அதுதான் முதல் நாடு.

குழந்தைகள்... கையைக் காட்டுகிறார்கள், இரண்டே நிமிடமாம். பொழுது சாய்ந்ததும் குழந்தை தடுமாறினால், சாமான்மேல் இடித்துக்கொண்டால், அது மாலைக்கண்ணாக இருக்கலாம், வைட்டமின் ஏ குறைவு, தாமதிக்காமல் காட்டுங்கள். தட்டம்மைத் தடுப்பூசியைத் தவற விடாதீர்கள், அதுவும் கண்ணைக் காக்கிற ஊசிதான்.

கண் நீர் அழுத்தத்துக்குத்தான் பாதி நேரம் ஒதுக்கியிருந்தேன், தையல்கார அக்கா எடுத்துக்கொண்டார். சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணுக்குள் இருக்கிற நீரின் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கிற நோய் இது. பெரும்பாலும் வலிக்காது, ஓரப் பார்வை முதலில் போகும், போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம். பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம், பரிசோதனைக்குப் போகும்போது அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வருடம் ஒரு தடவை, பார்வை தெளிவாக இருந்தாலும், சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். நேரமாகிவிட்டது, வணக்கம்.