டீசல் விலைக் கணக்கு: யார் ஓட்டினாலும் ஒரே விடை

வணக்கம் மக்களே, சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். நம் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர்கள் மறக்காத தேதி 10 ஜூன் 2024. அன்றுதான் தீபகற்ப மலேசியாவில் ஒரு லிட்டர் டீசல் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. இந்த எண்ணெய் விலை விவரம் வாரவாரியாக டேட்டா டாட் கவ் டாட் எம்ஒய் என்ற அரசாங்கத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை வைத்து விலைக் கணக்குப் போட்டு, யார் தங்கள் கணினியில் ஓட்டினாலும் ஒரே விடை வரும்படி பகிர்வது எப்படி என்று காட்டுகிறேன்.

அங்குள்ள சிஎஸ்வி கோப்பை, அதாவது வெறும் அட்டவணைக் கோப்பை இறக்கி, கூகுள் கோலாப்பில் திறக்கிறேன். அது உலாவியிலேயே பைத்தான் நிரல் எழுதி ஓட்டும் தளம்; அதில் எழுதும் பக்கத்துக்கு நோட்புக் என்று பெயர். பழைய லேப்டாப்பே போதும், கணக்கு நடப்பது கூகுள் கணினியில்.

இப்போது அட்டவணையில் ‘சீரிஸ் டைப்’ என்ற நெடுவரிசையைப் பாருங்கள். ஒரே தேதிக்கு இரண்டு வரிசை. ‘லெவல்’ என்றால் அந்த வார விலை. ‘சேஞ்ச் வீக்லி’ என்றால் போன வாரத்தைவிட எவ்வளவு ஏறியது, இறங்கியது என்பது. இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் விலை பாதிக்குப் பாதி குறைந்து காட்டும். எக்செலில் ஒருவர் ‘சேஞ்ச் வீக்லி’ வரிசைகளை அழித்துவிட்டுச் சேமித்தால், அடுத்தவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. பைத்தானில் ‘லெவல் மட்டும் எடு’ என்று ஒரு வரி எழுதுகிறோம். அந்த வரி அங்கேயே நிற்கும், மூலக் கோப்பில் யாரும் கை வைக்கவில்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

அப்புறம், நோட்புக்கில் நிரலைக் கட்டம் கட்டமாக எழுதுகிறோம். அந்தக் கட்டங்களை முன்பின்னாக ஓட்டலாம். அழித்த கட்டத்தின் மதிப்புகூட நினைவகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் பகிர்வதற்கு முன் ‘ரீஸ்டார்ட் அண்ட் ரன் ஆல்’ அழுத்தி, நினைவகத்தைக் காலி செய்து, மேலிருந்து கீழ்வரை ஓடுகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

தளத்திலுள்ள விலைக் கோப்பு வாராவாரம் வளரும். இன்றைய பிரதியைத் தேதி போட்டுத் தனியாக வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் விடை மாறிவிடும். ‘பிப் ஃப்ரீஸ்’ கட்டளை, நிறுவியிருக்கும் பைத்தான் மென்பொருள்களின் பதிப்புகளைப் பட்டியலிடும். அதையும் கூடவே சேமியுங்கள்.

அறிக்கையாக வேண்டுமென்றால் குவார்ட்டோ என்ற மென்பொருள் இருக்கிறது, அதுவும் இலவசம். ஒரே கோப்பிலிருந்து வலைப்பக்கம், பிடிஎஃப், வேர்ட் மூன்றும் வரும். ‘ஃபிக் ஆல்ட்’ என்ற இடத்தில் வரைபடம் என்ன சொல்கிறது என்று எழுதிவிடுங்கள். பார்வையற்றவரின் கணினி அதை வாசித்துக் காட்டும். கோடுகளை நிறத்தால் மட்டும் பிரிக்காதீர்கள், ஒன்றைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள்.

என் நோட்புக்கில் ஒவ்வொரு வரிக்கும் மேலே தமிழிலேயே விளக்கம் எழுதியிருக்கிறேன். ஐந்தாம் படிவப் பிள்ளைகளும் தொடரலாம். இணைப்பைக் கீழே தருகிறேன். முதலில் உங்கள் கூகுள் டிரைவில் ஒரு பிரதி எடுங்கள், ‘டீசல்’ என்ற இடத்தில் ‘ரோன்97’ என்ற பெட்ரோல் வகையைப் போட்டு ஓட்டிப் பாருங்கள்.