அகலக் கதவுக்குப் பின்னால்

நேயர்களுக்கு வணக்கம்.

சந்தையிலோ பஸ் நிலையத்திலோ பொது மலசலகூடம் கட்டும்போது, சக்கர நாற்காலிப் படம் ஒட்டிய அகலக் கதவு ஒன்றும் இப்போது சேர்ந்து வருகிறது. இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் அதன் கீழ் 2006இல் வந்த ஒழுங்குவிதிகளும் பொதுக் கட்டடங்களில் அணுகும் வசதியைக் கேட்கின்றன. கதவு வந்துவிட்டது, நல்லது. நாற்காலியில் வருபவர் அதற்குள் தனியாகப் போய்த் தனியாகத் திரும்பி வர முடிகிறதா? அது அங்குலக் கணக்கில்தான் இருக்கிறது. இன்று அந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

முதலில் சாய்தளம். மாரி வெள்ளம் ஏறக்கூடாதென்று அத்திவாரத்தை உயர்த்திக் கட்டுவது எங்கள் வழக்கம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பதை மேசன்மார் மனதில் வைத்திருந்தால் போதும். தரை ஒன்றரை அடி உயரமென்றால் சாய்தளம் பதினெட்டு அடி. இடமில்லையென்று அதை ஆறடியில் முடித்தால் மோட்டார் சைக்கிள் ஏறும். கையால் சில்லை உருட்டி ஏறுபவர் பின்பக்கமாகச் சரிந்துவிடுவார். இடம் குறைவென்றால் நடுவில் ஐந்தடிச் சமதளம் விட்டு மடக்கிக் கட்டுங்கள். வெள்ளம் நிற்காத காணியென்றால் தரையையே ஆறு அங்குலத்துக்கு இறக்கலாம், அதுதான் எல்லாவற்றிலும் மலிவு. சாய்தளத்தின் அகலம் நாலடி, இரு ஓரத்திலும் மூன்று அங்குலத் தடுப்பு. சீமெந்து இறுகுமுன் தும்புத்தடியால் குறுக்கே கோடிழுத்துவிட்டால் மழையில் வழுக்காது.

அடிக்கடி விடப்படும் பிழை ஒன்று: சாய்தளம் நேரே கதவடியில் போய் முடிவது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் உட்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. ஆனால் வெளியே திறக்கும் கதவுக்கு முன்னால் சமதளம் இல்லையென்றால், கதவை இழுப்பவர் சரிவில் பின்னோக்கி உருள வேண்டிவரும். அங்கேயும் ஐந்தடி மட்டமான தளம் வேண்டும். கதவு திறந்து நிற்கும்போது கிடைக்கும் வழி மூன்றடி இருக்க வேண்டும். நிலையை மூன்றடிக்கு வாங்கினால் கதவின் தடிப்பும் பிணைச்சலும் போக அந்த மூன்றடி கிடைக்காது. கொண்டி பெரிதாக, மூடிய கையாலும் தள்ளக் கூடியதாக, நிலத்திலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கட்டும். அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்க ஒரு வழி வேண்டும்.

உள்ளே ஏழடிக்கு ஏழடி இருந்தால் நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம் கிடைக்கும். கொமட்டை அழகுக்காகச் சுவரின் நடுவில் வைக்கிறார்கள். அப்போது எந்தப் பக்கச் சுவரும் கைக்கு எட்டாது. கொமட்டின் நடுக்கோடு ஒரு பக்கச் சுவரிலிருந்து பதினெட்டு அங்குலத்தில் வரட்டும், மறுபக்கம் நாற்காலியை ஒட்டி நிறுத்த மூன்றடி வெறுமையாக இருக்கட்டும். இருக்கை உயரம் பதினெட்டு, பத்தொன்பது அங்குலம். இது செயற்கைக் காலோடு வருபவருக்கும், முழங்கால் மடிக்க முடியாத முதியவருக்கும் சேர்த்தே உதவும்.

கைபிடிக் கம்பியில்தான் உயிர் இருக்கிறது. உடம்பின் முழுப் பாரத்தையும் அதில் போட்டுத்தான் ஒருவர் நாற்காலியிலிருந்து கொமட்டுக்கு மாறுகிறார். உள்வெற்றுச் சீமெந்துக் கல்லில் பிளாஸ்ரிக் பிளக் அடித்து ஆணி முடுக்கினால் சில மாதத்தில் ஓட்டோடு கழன்று வரும். கம்பி வரும் இடத்துக் கற்களைக் கட்டும்போதே கொங்கிறீற்றால் நிரப்புங்கள். கட்டி முடிந்த சுவரென்றால் மறுபக்கம் தகடு வைத்து ஊடே போல்ற் போடுங்கள். கடற்காற்றில் இரும்புக் குழாய் துருப்பிடித்துக் கையைக் கிழிக்கும், ஆகவே துருப்பிடிக்காத உருக்கே வேண்டும். சுவருக்கும் கம்பிக்கும் இடையில் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் விட்டால் விரல்கள் சுற்றிப் பிடிக்கும்.

இனித் தண்ணீர். வாளியும் கோப்பையும் நிலத்தில் இருந்தால் கொமட்டில் இருப்பவருக்கு எட்டாது, குனிந்தால் விழுவார். இருந்தபடியே எட்டும் உயரத்தில் நெம்புபிடிக் குழாயும் கைத்தெளிப்பானும் வையுங்கள். எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்பு நீர். கேத்தலில் படியும் அதே வெள்ளைப் படிவுதான் கொமட்டுக்குத் தண்ணீர் விடும் சிஸ்ரனின் மிதவையையும் இறுக்குகிறது. மாதம் ஒரு தடவை கழற்றி வினாகிரியில் ஊறவைத்தால் போதும். செய்யாமல் விட்டால் ‘பழுது’ என்ற பலகை தொங்கிவிடும். தரைச் சரிவு கொமட்டின் பின்மூலைக்குப் போகட்டும், நாற்காலி நிற்கும் பக்கம் ஈரம் தேங்கக்கூடாது.

கழிவுக்குழியைப் பற்றிக் கவலையோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல். அடித்தளமில்லாத குழியின் கழிவு அந்த வெடிப்புகள் வழியே அயல் கிணற்றுக்குப் போய்ச் சேரும். அடியும் பக்கமும் பூசி மூடிய, அறை பிரித்த தாங்கி கட்டாயம். அதைக் கழிவை உறிஞ்ச வரும் பவுசர் வண்டியின் குழாய் எட்டும் தூரத்தில், ஆனால் சாய்தளத்தின் பாதைக்கு விலகி வையுங்கள். மூடி நடைபாதையில் வந்தால் சில்லு அதில் இடறும்.

அகலக் கதவைப் பெண்கள் பகுதிக்குள்ளோ ஆண்கள் பகுதிக்குள்ளோ வைப்பதும் பிழை. மனைவியைக் கணவன் தூக்கி இருத்த வேண்டியிருக்கும், தாயை மகன் பிடிக்க வேண்டியிருக்கும். வெளியிலிருந்து நேரே போகும் தனிக் கதவாக இருந்தால்தான் அவர்கள் கூச்சமின்றி நுழையலாம். உள்ளே மூடியுள்ள குப்பைத் தொட்டி ஒன்று, கைக்கு எட்டும் இடத்தில்.

நல்லூர்த் திருவிழா போன்ற நாட்களுக்குத் தற்காலிகக் கூடம் போடுபவர்களுக்கு ஒரு சொல். மணலில் நாற்காலியின் முன்சில்லு புதைந்துவிடும். வீதியிலிருந்து கதவு வரை பலகை விரிப்பது அரைநாள் வேலைதான்.

கட்டி முடிந்ததும் ஒப்பந்தகாரருக்குக் கடைசிக் கொடுப்பனவைக் கொடுக்குமுன், சக்கர நாற்காலி பாவிக்கும் ஒருவரை அழைத்து, தனியே உள்ளே போய், கதவைப் பூட்டி, மாறியிருந்து, குழாயைத் திறந்து, வெளியே வந்து காட்டக் கேளுங்கள். அவர் எங்கே தடங்கினாரோ அதை உடைத்துத் திருத்திய பிறகு பணத்தைக் கொடுங்கள். அந்த அறைக்குள் தும்புத்தடியும் வாளிகளும் போகாதபடி, துப்புரவுப் பொருட்களுக்கென்று பக்கத்தில் ஒரு சின்ன அலுமாரியையும் அதே மதிப்பீட்டில் சேர்த்துவிடுங்கள். கதவுக்குப் பூட்டுப் போட்டே ஆகவேண்டுமென்றால், திறப்பு யாரிடம் இருக்கிறது என்பது இருந்தபடி வாசிக்கக்கூடிய உயரத்தில் கதவிலேயே எழுதியிருக்கட்டும்.

வணக்கம்.