ரயில் எப்பவும் ஒரே இடத்துல நிக்குதா? உப்புத்தாளைக் கீழ வைங்க!

தோட்டத்துல ஓடுற மாடல் ரயில் திக்கித் திணறி நின்னா, எல்லாரும் முதல்ல தேடுறது உப்புத்தாள். ஒரு நிமிஷம் பொறுங்க. இந்த ரயிலுக்கு மின்சாரம் தண்டவாளத்துலேர்ந்து சக்கரம் வழியாத்தான் போகுது, அது எங்கேயோ தடைபடுது. ரயில் கண்ட கண்ட இடத்துல நிக்குதா, இல்ல எப்பவும் அதே இடத்துலயா?

கண்ட இடத்துல நின்னா அழுக்கு. ஒரு குறிப்பிட்ட இடம் தாண்டினதும் படுத்துக்கிட்டா, அது ஜாயிண்ட், அதாவது ரெண்டு தண்டவாளத் துண்டு சேர்ற இடத்துல கோளாறு. பொழுது சாயுற வரைக்கும் தேய்ச்சாலும் சரியாகாது.

அழுக்கைச் சட்டுனு முடிச்சிடலாம். சப்ளையை அணைச்சிட்டு இலை, மண்ணை பிரஷ்ஷால தள்ளுங்க. பெயிண்டருங்க சுவர் தேய்க்கிற நீளக் கம்புப் பலகை இருக்குல்ல, அதுல 400 நம்பர் தாள் மாட்டினா இடுப்பு தப்பிச்சுது. மேல்பரப்பும் உள்விளிம்பும் பளிச்சுனு இருந்தா போதும், சக்கரம் தொடுறது அங்கதான். பக்கவாட்டுக் களிம்பை விட்டுடுங்க, பார்க்கவும் நிஜத் தண்டவாளம் மாதிரியே இருக்கும். நசுங்கின இலைப்பசை, நத்தைக் கோழை ரெண்டையும் தாள் இழுசத்தான் செய்யும். ஈரத்துணியால எடுத்துட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால ஒரு துடை. ஸ்டீல் வூல் வேண்டவே வேண்டாம்! உதிர்ற இழையெல்லாம் மோட்டார் காந்தத்துல போய் ஒட்டிக்கும். இன்ஜின் சக்கரத்தையும் துடைங்க, இல்லன்னா ரெண்டு சுத்துல பழைய கறுப்பு திரும்ப வந்துடும்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். 10 மீட்டர் பித்தளைத் தண்டவாளம், 30 டிகிரி சூடு ஏறினா எவ்வளவு நீளும்? கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர்! நிஜ ரயில்வேயோட எஃகு நீள்றதைவிட ஒன்றரை மடங்கு. 45 மில்லிமீட்டர் அகலப் பாதைக்கு இது சின்ன சங்கதியா? தினம் பகல்ல நீண்டு ராத்திரி சுருங்கி, ஜாயிண்ட் தகடு முன்னும் பின்னும் வழுக்குது. தகடு தளருது, உள்ள மண்ணும் ஈரமும் போகுது, களிம்பு ஏறுது. வெளியில தண்டவாளம் தங்கமா மின்னும், உள்ள மின்சாரம் போக வழி இருக்காது.

(திரையில்: மல்டிமீட்டர் முனைகள் ஜாயிண்ட்டின் இரு பக்கமும்)

திருடனைப் பிடிக்கலாமா? டிகோடர் (டிஜிட்டல் கட்டளையை வாங்கி இன்ஜினை ஓட்டுற சிப்) உள்ள இன்ஜினை எல்லாம் எடுத்துடுங்க, சாதாரண டிசி சப்ளையை 12 வோல்ட்டுல வைங்க. சப்ளை கொடுக்கிற இடத்துலேர்ந்து கடைசி முனையில 12 வோல்ட், 21 வாட் கார் பல்பை ரெண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே மாட்டுங்க. தண்டவாளத்துக்குக் கீழ இருக்கிற பிளாஸ்டிக் சிலீப்பர் கட்டை மேல பல்பை வைக்காதீங்க, உருகிடும். இப்ப ஒரே தண்டவாளத்துல, ஜாயிண்ட்டுக்கு இந்தப் பக்கம் மல்டிமீட்டரோட ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை. 20, 30 மில்லிவோல்ட்டுக்குள்ள இருந்தா நல்ல பிள்ளை. 300, 500னு காட்டினா மாட்டிக்கிச்சு. வட்டப்பாதைன்னா ஒரு தந்திரம் உண்டு: மின்சாரம் ரெண்டு பக்கமும் சுத்தி வர்றதால கெட்ட ஜாயிண்ட் நல்லவன் வேஷம் போடும். ஒரு இடத்துல பாதையைக் கழட்டிட்டு அளங்க.

மாட்டிக்கிட்ட ஜாயிண்ட்டைப் பிரிச்சு, முனைகளைத் தேய்ச்சு, மின்சாரம் கடத்துற கிரீஸ் தடவி, திருகு வெச்ச கிளாம்ப் போட்டு இறுக்குங்க. ஆனா எல்லா ஜாயிண்ட்டையும் இறுக்கினா அந்த 6 மில்லிமீட்டர் எங்க போகும்? பாதை பாம்பா நெளியும். நீளமான நேர்ப்பாதையில ஒரு ஜாயிண்ட்டை வழுக்க விட்டு, அதைத் தாண்டி வளையுற ஒயரை சால்டர் பண்ணுங்க. சிலீப்பரைத் தரையோட ஆணி அடிக்காதீங்க, ஜல்லியில மிதக்கட்டும். ஜல்லியும் உடைச்ச, முனையுள்ள கல்லா இருக்கணும். உருண்டைக் கூழாங்கல் பாதையைப் பிடிக்காது, உருண்டுடும்.

பாதை பிரியுற இடத்துல நகர்ற பாயிண்ட் நாக்குல மணல் சிக்கினா பழைய டூத்பிரஷ் போதும், எண்ணெய் விட்டா மணல் நிரந்தரமா குடியேறிடும்.

பேட்டரி இன்ஜின் வெச்சிருக்கிறவங்க இவ்வளவு நேரம் சிரிச்சிருப்பீங்க, உங்களுக்கு இலையைத் தள்ளினா வேலை முடிஞ்சது. மத்தவங்க உங்க ஜாயிண்ட் எத்தனை மில்லிவோல்ட் காட்டுச்சுன்னு கமெண்ட்ல போடுங்க. 500ஐத் தாண்டினவங்க வெட்கப்படாம போடுங்க!