மூன்று நாளைக்கு மேல் விருந்தாளி இல்லை

(ஜூன் 20, உலக அகதிகள் நாள் கூட்டத்தில் பேசியது)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, இத்தனை வேலைக்கு நடுவிலும் வந்து குத்துவிளக்கேற்றிய ஊராட்சித் தலைவி அம்மா அவர்களே, மண்டபத்தைக் காசு வாங்காமல் கொடுத்து எல்லோருக்கும் மோரும் ஏற்பாடு செய்திருக்கும் வணிகர் சங்கத்து அண்ணாச்சி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தமிழாசிரியர் ஐயா அவர்களே, முகாமிலிருந்து வந்திருக்கும் என் சொந்தங்களே, வணக்கம்.

மூன்று விஷயம் பேசுவேன் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். இலங்கையிலிருந்து அகதியாக வந்தவர்களை எப்படி வரவேற்றோம், முகாமில் எப்படி வாழவைத்தோம், சட்டம் அவர்களை என்ன செய்தது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து படகுகள் வரத் தொடங்கின. 1990 ஜூனில் மறுபடி போர் மூண்டதும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அப்போது எங்கள் வீடு இராமேசுவரத்தில். படகோட்டிகள் பல பேரை தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அப்பால் மணல் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நம் மீனவர்கள் போய் ஏற்றிவருவார்கள். அப்படி வந்த ஒரு பெரியவர், மன்னார்ப் பக்கத்துத் தையல்காரர். வீடு, நகை, துணிமணி எல்லாம் போட்டுவிட்டு, தையல் மிஷினின் தலையை மட்டும் சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்தார். உப்புத்தண்ணீர் பட்டுவிடுமோ என்று வழியெல்லாம் அதன்மேல் கவிழ்ந்துகொண்டே வந்தாராம். அம்மா கஞ்சி கொடுத்தார். அவர் தொடவில்லை. "ஒரு பிளேன் டீ கிடைக்குமோ, தங்கச்சி?" என்றார். எங்களுக்கு அப்படியென்றால் என்னவென்றே தெரியாது. அவர் மருமகளே அடுப்படிக்கு வந்து, பால் ஊற்றாமல் சாயம் இறக்கிக் கொடுத்தாள். குடித்து முடித்துவிட்டுத்தான் கேட்டார்: "நாங்கள் எத்தனை நாளைக்கு இங்கே இருக்கலாம்?"

அம்மா சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "விருந்தும் மருந்தும் மூணு நாள்தான், அண்ணே. நாலாம் நாளிலிருந்து நீங்க எங்க வீட்டு ஆளு."

அப்புறம் அவர்கள் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் இருக்கும் முகாமுக்குப் போனார்கள். அந்த முகாமும் பழைய கதைதான். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குப் போன நம் ஆட்களை நிறுத்திவைத்துச் சோதித்த இடம் அது. நம் பாட்டன்மார் அந்தக் கரைக்குப் போன வாசல் வழியாகத்தான் அவர்கள் இந்தக் கரைக்கு வந்தார்கள்.

இரண்டாவது, முகாம் வாழ்க்கை. 2021-ல் தமிழ்நாடு அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது, 7,469 வீடுகள் கட்டித்தருவதாக அறிவித்தது. மனதாரப் பாராட்டுகிறேன். நேரம் போய்க்கொண்டிருக்கிறது, இதில் நிற்கவில்லை.

மூன்றாவது, சட்டம். வீடு கொடுத்தும் அந்த வீட்டில் இருப்பவன் யார் என்று நாம் சொல்லவில்லையே! 1951-ன் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. நமக்கென்று தனி அகதிச் சட்டமும் கிடையாது. 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன். மண்டபம் ஊரில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது இதை வைத்துத்தான். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்திருந்தால் தாயோ தகப்பனோ இந்தியராக இருக்க வேண்டும். முகாமில் அதற்கு எங்கே போவது? குடியுரிமைச் சட்டத்தின் 2003 திருத்தத்துக்குப் பிறகு, ஆவணம் இல்லாமல் வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி'. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவும் வழியில்லை. உயிர் தப்பப் படகேறியவரிடம் விசா கேட்கிறோம். 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளிலிருந்து வந்த, முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்குக் கதவு திறந்தது. இலங்கையைச் சேர்க்கவில்லை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள். நாம் நாற்பது வருடத்துக்கு மேலாக இவர்களை விருந்தாளியாகவே வைத்திருக்கிறோம், அதுவும் முகாமில் ஆளெண்ணிப் பார்க்கும் விருந்தாளியாக.

இங்கே பிறந்தவர்களுக்குக் குடியுரிமை கேட்டு நாடாளுமன்றத்துக்கு அனுப்பும் மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. மண்டபம் முகாமில் 1993-ல் பிறந்து, எஞ்சினியரிங் முடித்து, இன்று பெயிண்ட் அடிக்கப் போகும் அந்தத் தையல்காரரின் பேரன்தான் மேசையருகே உட்கார்ந்திருக்கிறான். பேனா அவனிடம் இருக்கிறது. போகும்போது வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.