காசு நம்முடையது, விளையாட்டு யாருடையது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பணம் கட்டி வாங்கும் வீடியோ விளையாட்டு நமக்குச் சொந்தமா என்பது இன்றைய கேள்வி. சொந்தமில்லை என்பது எங்கள் கட்சி.

எதிரணி நண்பர், "பணம் கட்டினேன், ரசீது வந்தது, விளையாட்டு என் கணக்கில் இருக்கிறது. பிறகு அது யாருடையது?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிக்கொண்டார். கைதட்டல் அவருக்கே சொந்தம். யாரும் திருப்பி எடுக்க முடியாது. விளையாட்டு அப்படியில்லை.

2014-இல் யூபிசாஃப்ட் நிறுவனம் 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டை வெளியிட்டது. தனியாக ஆடுவதற்குக்கூட நிறுவனத்தின் சர்வரோடு, அதாவது அவர்களுடைய மையக் கணினியோடு, இணைய இணைப்பு வேண்டும். 2024 மார்ச் 31 அன்று அந்தச் சர்வரை நிறுத்தினார்கள். அதோடு விட்டார்களா? அடுத்த மாதமே, வாங்கியவர்களின் கணக்கில் இருந்த, ஆடுவதற்கான உரிமத்தையும் பறிக்கத் தொடங்கினார்கள். டிஸ்க் வாங்கிப் பத்திரப்படுத்தியவரும் தப்பவில்லை. டிஸ்க் சுழலும், ஆட்டம் தொடங்காது. பொருள் நம் அலமாரியில், சாவி அவர்கள் கையில்!

"சர்வரைக் காலமெல்லாம் ஓட்ட முடியுமா?" என்பார்கள். ஓட்டச் சொல்லவில்லை ஐயா. மூடும்போது, சர்வர் இல்லாமலே ஆடும்படி மாற்றிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்கிறோம். 2024-இல் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் கேட்பதும் ஏறக்குறைய இதுதான். அதன் மனுவில் ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். நடுவர் அவர்களே, தன் சொந்தப் பொருளை அழித்துவிடாதீர்கள் என்று எந்த உரிமையாளராவது அடுத்தவரிடம் மனுப் போடுவாரா?

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. பின்னாளில் பறிக்கப்படக்கூடிய டிஜிட்டல் பொருளை விற்கும் கடை, "இது பயன்படுத்தும் உரிமம்தான்" என்று வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளம் முந்திக்கொண்டு, 2024 அக்டோபரிலேயே பணம் கட்டும் பக்கத்தில் அதை எழுதிவிட்டது. விற்றவரே "முழுதாக விற்கவில்லை" என்கிறார். எதிரணி மட்டும் வாங்கிவிட்டோம் என்கிறது!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஜிஓஜி போன்ற இணைய விளையாட்டுக் கடைகள், இணைய இணைப்பில்லாமல் நிறுவும் கோப்பையே கையில் தந்துவிடுகின்றன. சட்டப்படி அதுவும் உரிமம்தான். ஆனால் நம் கணினிக்கு வந்ததை அவர்களால் இழுத்துக்கொள்ள முடியாது. அந்தக் கடைகளைத் தனித்துச் சொல்ல வேண்டியிருப்பதே மற்ற இடங்களின் நிலையைக் காட்டவில்லையா?

சொந்தமென்றால் விற்கலாம், இரவல் தரலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். ஸ்டீம் ஒப்பந்தமோ கணக்கை விற்கவும் கூடாது, மாற்றித் தரவும் கூடாது என்கிறது. எதிரணி நண்பருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஸ்டீம் கணக்கில் ஆடி முடித்த விளையாட்டு ஒன்றை, இந்த மேடையிலேயே என் பெயருக்கு மாற்றித் தாருங்கள். மாற்றிவிட்டால் நான் எழுந்து வந்து உங்கள் அணியில் அமர்கிறேன்.