வேலை மாறுற நேரத்துல மதியமானா மனசு கலங்குது: ஒரு தம்பியோட கேள்விக்கு விளக்கம்

வணக்கங்க. இந்த வாரம் வந்ததுல ஒரே ஒரு கேள்வியை மட்டும் நிதானமா எடுத்துக்கலாம்னு இருக்கேன். பாலக்கோடு பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். படிக்கிறேன்: “அக்கா, ஓசூர்ல ஒரு கம்பெனியில 11 வருஷம் சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டர் சொல்றபடி இரும்பை வெட்டுற மெஷின்) ஓட்டினேன். நைட் ஷிப்ட் உடம்புக்கு ஒத்துக்கல, விட்டுட்டேன். இப்ப டேலிங்கிற கணக்கு சாஃப்ட்வேரும் ஜிஎஸ்டி வரிக் கணக்கும் கத்துக்கறேன். வீட்டுக்காரம்மா வேலைக்குப் போறாங்க. காலையில தெம்பாதான் உட்கார்றேன். 12 மணி ஆனா, தப்பு பண்ணிட்டோமோன்னு கலங்குது. காலையில ரெண்டு டீ, பிஸ்கட். மதியம் பசிச்சா ஏதாவது. பாசிட்டிவா இருக்கிறது எப்படிக்கா? நீங்க எதுக்கெடுத்தாலும் சமையல்னு சொல்றீங்களே, இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

தம்பி, பதில் உங்க கேள்விக்குள்ளயே இருக்கு. ரெண்டு டீ, பிஸ்கட்! வெறும் வயித்துல சர்க்கரையும் மைதாவும் போனா சீக்கிரம் கரைஞ்சிடும். அப்புறம் சிலருக்குக் கை லேசா நடுங்கும், எரிச்சல் வரும், நெஞ்சு படபடக்கும். பயம் வந்தாலும் உடம்புல இதேதான் நடக்கும். இது பசியா பயமான்னு அந்த நேரத்துல நமக்குப் பிரிச்சுப் பார்க்க வராது. வேலையை விட்டதுதான் காரணம்னு மனசு ஒரே முடிவா சொல்லிடும். உங்க கவலை முழுக்கப் பசிதான்னு நான் சொல்லல. கவலை நிஜம்தான். ஆனா சாப்பிட்டுட்டு அதே கவலையைப் பாருங்க, அளவு வேறயா இருக்கும்.

இன்னொண்ணு. 11 வருஷம் உங்களுக்கு நேரம் சொன்னது கம்பெனி மணி. எத்தனை மணிக்கு எழுந்திருக்கணும், எப்ப கேன்டீன், எப்ப பஸ், எல்லாத்தையும் யாரோ முடிவு பண்ணாங்க. திடீர்னு அந்த மணி நின்னுபோச்சு. நாள் முழுக்கக் கையில இருக்கு, பிடிமானம் எதுவும் இல்ல. எனக்கு இது நல்லாத் தெரியும். 12 வருஷம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரா இருந்தேன். 2020ல சம்பளம் பாதியாச்சு, அப்புறம் நின்னே போச்சு. சிறுதானிய மாவு அரைச்சு விக்கலாம்னு இறங்கினேன். முதல் நாலு மாசம் காலையில எழுந்ததும் பெல் அடிக்கிற மாதிரியே இருக்கும். எங்க மாமியார்தான், “மனசைப் பத்தி அப்புறம் பேசலாம், ஒரு மணிக்கு உலை வைம்மா”ன்னாங்க. தினம் ஒரு மணிக்கு உலை. என் நாளுக்கு அதுதான் முதல் ஆணி.

அதனால உங்களுக்கும் நான் சொல்றது, மதியச் சாப்பாட்டை உங்க கையால செய்யுங்க. பெருசா எதுவும் வேண்டாம். நம்ம ஊர்ச் சாப்பாடே போதும், களியும் கீரைக் கடைசலும். அம்மா செஞ்சு பார்த்திருப்பீங்க, நீங்க செஞ்சிருக்க மாட்டீங்க. சொல்றேன், கேளுங்க.

ஒரு டம்ளர் கேழ்வரகு மாவுக்கு ரெண்டரை டம்ளர் தண்ணி. தண்ணி கொதிச்சதும் ஒரு கைப்பிடி அரிசி நொய்யும் உப்பும் போட்டுக் குழைய வேக விடுங்க. மாவை அதுமேல கும்பலாக் கொட்டுங்க, கிண்டாதீங்க. துடுப்புக் காம்பால மாவு நடுவுல ஒரு குழி போடுங்க. அந்தக் குழி வழியா கொதி குபுகுபுன்னு மேல வரும். தீயைக் குறைச்சு அஞ்சாறு நிமிஷம் அப்படியே விட்டுடணும். இந்த இடத்துலதான் எல்லாரும் அவசரப்படறாங்க. உள்ள மாவு வேகறதுக்கு முன்னாடி துடுப்பை விட்டா கட்டி கட்டியா நிக்கும், அப்புறம் என்ன கிண்டியும் உடையாது. வெந்ததும் இறக்கி வச்சு, பானை நகராமப் பிடிச்சுக்கிட்டு, அடியோட அழுத்திக் கிண்டுங்க. தோள்பட்டை வரைக்கும் வேலை வாங்கும். பச்சை மாவு வாசனை போய் நிறம் கருத்து வரும். தண்ணி தொட்ட விரலை வச்சுப் பாருங்க, ஒட்டலைன்னா வெந்தாச்சு. சூட்டோட உருண்டை பிடிச்சிடுங்க.

அந்தப் பத்து நிமிஷம் உங்களால எதிர்காலத்தை நினைக்க முடியாது. பானைதான் கண்ணுல இருக்கும். எனக்கு அதுதான் பெரிய மருந்தா இருந்துச்சு.

கடைசலுக்குக் கிடைச்ச கீரை, ஒரு பிடி துவரம்பருப்பு, நாலு பல் பூண்டு, பச்சை மிளகாய், உங்க ஊர்த் தக்காளி ரெண்டு. முதல்ல பருப்பை வேக வச்சு, மத்ததைப் போட்டு வெந்ததும் மத்தால கடைஞ்சிடுங்க. கேழ்வரகு 100 கிராம்ல 340 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு, அரிசியில அதுல இருபதுல ஒரு பங்குகூட கிடையாது. நார்ச்சத்தும் நிறைய, சீக்கிரம் பசிக்காது. சாப்பிட்ட கையோட டீ குடிக்காதீங்க, கீரையில இருக்கிற இரும்புச்சத்து உடம்புல சேராம தடுக்கும். ஒரு மணி நேரம் போகட்டும். மிச்சமான உருண்டையை ராத்திரி தண்ணியில போட்டு வைங்க. காலையில மோர்ல கரைச்சு, சின்ன வெங்காயத்தைக் கடிச்சுக்கிட்டுக் குடிங்க. பிஸ்கட் தானா நின்னுபோகும். சுகர் இருக்கிறவங்க களிதானேன்னு அளவில்லாம சாப்பிடக்கூடாது, அதையும் சொல்லிடறேன்.

இப்ப வேலை விஷயம். 11 வருஷம் வீணாப்போச்சுன்னு நினைக்கிறீங்க போல. கனத்தைத் துல்லியமா அளக்கிற மைக்ரோமீட்டர் பிடிச்சு, தலைமுடி கனத்தைவிடக் கம்மியான வித்தியாசத்தைக் கண்டுபிடிச்ச ஆள் நீங்க. பில்லுல ஒரு எண் மாறியிருந்தா உங்க கண்ணுலதான் முதல்ல படும். வேலை கேக்கப் போறப்ப அதைச் சொல்லுங்க. எப்ப போறதுங்கிறதும் முக்கியம். ஜிஎஸ்டியில மாசாமாசம் கணக்குத் தாக்கல் பண்றவங்களுக்கு 11ம் தேதி ஒரு கெடு, 20ம் தேதி ஒரு கெடு. எங்க மாவு வியாபாரத்துக்குக் கணக்குப் பார்க்கிற ஆபீஸ்ல 20 வரைக்கும் யாரும் தலை நிமிர மாட்டாங்க. 21க்கு மேல தர்மபுரியிலயோ கிருஷ்ணகிரியிலயோ இந்த மாதிரி கணக்குப் பார்க்கிற ஆபீஸுக்குப் போய், “மூணு மாசம் கூட இருந்து கத்துக்கறேன்”னு கேளுங்க, நின்னு பேசுவாங்க. பழைய பிஎஃப் பணத்தை அவசரப்பட்டு எடுக்காதீங்க, அடுத்த கம்பெனிக்கு அதே யுஏஎன்ல (உங்க பிஎஃப் நம்பர்ல) மாத்திக்கலாம்.

ஊர்ல “ஏம்பா வேலையை விட்ட”ன்னு கேப்பாங்க. “வேற தொழில் கத்துக்கறேன்”னு ஒரு வரி சொல்லிட்டு நடங்க. ஆனா வீட்டுல அப்படி முடிச்சிடாதீங்க. உங்க வீட்டுக்காரம்மாகிட்ட கையில எவ்வளவு இருக்கு, எத்தனை மாசம் வரும்னு நோட்டுல எழுதிக் காட்டுங்க. எழுதாத கணக்குதான் ராத்திரியில பெருசாத் தெரியும். அவங்க சாயங்காலம் களைச்சு வரும்போது அடுப்புல கொள்ளு ரசம் சூடா இருந்தா அதுவே எவ்வளவோ பேசும்.

இதையெல்லாம் செஞ்சும் ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் இல்ல, எதுலயும் பிடிப்பில்ல, இருந்து என்ன பண்ணப்போறோம்னு தோணுதுன்னா, களியும் கீரையும் போதாது தம்பி. 14416க்கு அடிங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் தமிழ்ல பேசலாம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில மனநல டாக்டரையும் பார்க்கலாம். இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல.

நாளைக்கு ஒரு மணிக்கு உலை வைங்க. முதல் தடவை கட்டி விழுந்தா, கட்டியை எடுத்துப்போட்டுட்டு மிச்சத்தைக் கூழா கரைச்சுக் குடிச்சிடுங்க, ஒண்ணும் ஆகாது. எப்படி வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க.