ரயிலில் வந்திறங்கிய சிகாகோ

நேயர்களுக்கு வணக்கம்.

சிகாகோ என்றதும் நம்மவர்களுக்கு 1893இல் அங்கே பேசிய விவேகானந்தர் நினைவுக்கு வருவார். இயற்பியல் படித்தவர்கள் என்றால், சிகாகோ பல்கலைக்கழகத்தில் காலமெல்லாம் பணியாற்றி 1983இல் நோபல் பரிசு வாங்கிய சுப்பிரமணியன் சந்திரசேகரைச் சொல்வார்கள். இவர்களைப் பற்றி உங்களுக்கு நிறையத் தெரிந்திருக்கும். இன்று நான் பேசப்போவது வேறு ஆட்களைப் பற்றி. தென் மாநிலங்களின் பருத்திக் காட்டிலிருந்து ரயிலேறி சிகாகோவுக்கு வந்த கறுப்பின மக்களைப் பற்றி.

ரயில் என்று சொன்னேன் இல்லையா, அதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிகாகோவின் பெரிய கலைஞர்கள் யார் யார் என்று கணக்கெடுத்தால், பாதிப் பேருக்கு மேல் அந்த ஊரில் பிறந்தவர்களே இல்லை. இல்லினாய்ஸ் சென்ட்ரல் என்று ஒரு ரயில் பாதை, நியூ ஆர்லியன்ஸிலிருந்து மிசிசிப்பி வழியாக நேரே சிகாகோவில் கொண்டுபோய் விடும். 1910இல் அந்த நகரத்தில் இருந்த கறுப்பின மக்கள் 44,000 பேர். 1960இல் எட்டு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். ஐம்பதே வருஷம்!

இவர்களை வா வா என்று கூப்பிட்டது ஒரு பத்திரிகை. ராபர்ட் அபட் என்பவர் 1905இல் தொடங்கிய 'சிகாகோ டிஃபெண்டர்'. வடக்கே என்ன கூலி, என்ன வேலை என்று எழுதுவார்கள்; தெற்கே கறுப்பினத்தவர் கொல்லப்படுவதையும் மறைக்காமல் எழுதுவார்கள். தெற்கில் பல ஊர்களில் அதை விற்கவிட மாட்டார்கள். அதனால் ரயிலில் வேலை பார்த்த போர்ட்டர்கள் கட்டுக்கட்டாக மறைத்து எடுத்துப்போய்க் கொடுத்தார்கள். முடிதிருத்தும் கடையில் ஒருவர் படிக்க, சுற்றி உட்கார்ந்து பத்துப் பேர் கேட்பார்கள். இந்தக் காட்சியை நான் உங்களுக்கு விளக்கவா வேண்டும்? நம் டீக்கடைகளில் பார்க்காததா.

சரி, என் ஆளுக்கு வருகிறேன். பாடகர், கிட்டார்க்காரர் மடி வாட்டர்ஸ். இவரைப் பற்றி ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் எச்சரித்துத்தான் அனுப்பினார்கள்.

இயற்பெயர் மெக்கின்லி மார்கன்ஃபீல்ட். மிசிசிப்பியில் ஸ்டோவால் என்கிற பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர். 1941இல் ஆலன் லோமாக்ஸ் என்பவர் நாட்டார் பாடல்களைச் சேகரிக்க அங்கே வந்து, இவர் பாடியதையும் ஒலிப்பதிவு செய்துகொண்டு போனார். பிறகு இரண்டு இசைத்தட்டுகளும் இருபது டாலருக்கு ஒரு காசோலையும் அனுப்பிவைத்தார். காசு போட்டால் பாடும் ஜூக் பாக்ஸ் என்று ஒரு பெட்டி உண்டு. அப்படி ஒரு பெட்டியில் இவர் தன் தட்டை வைத்துத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாராம். நம்மாலும் முடியும் என்கிற தைரியம் அப்போதுதான் வந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1943இல் ஒருநாள் பண்ணை மேற்பார்வையாளரிடம் போய்க் கூலி உயர்வு கேட்டார். மணிக்கு இருபத்திரண்டரை சென்ட் கூலியை இருபத்தைந்து சென்ட் ஆக்கும்படி. கேட்டது இரண்டரை சென்ட்! முடியாது என்று கத்தி அனுப்பிவிட்டார்கள். மடி வாட்டர்ஸ் ரயிலேறிவிட்டார். அந்த இரண்டரை சென்ட்டைக் கொடுத்திருந்தால் பாதி ராக் இசை பிறந்தே இருக்காது என்று நான் நண்பர்களிடம் சொல்வதுண்டு. கொஞ்சம் மிகைதான், ஆனால் கொஞ்சம்தான்.

சிகாகோவில் பகலில் தொழிற்சாலை வேலை, ஜன்னல் தட்டிகளைக் கடைகளுக்கு ஏற்றிப்போகும் லாரி வேலை. ராத்திரி பாட்டு. பாடப்போனால் ஒரு சிக்கல். கிராமத்துத் திண்ணையில் மரக் கிட்டாரை மீட்டினால் ஊரே கேட்கும். சிகாகோ மதுக்கடையில் சனிக்கிழமை ராத்திரி, சம்பளம் வாங்கிய கூட்டம், கண்ணாடிக் கோப்பைச் சத்தம், சிரிப்பு, சண்டை. மரக் கிட்டார் யார் காதிலும் விழாது. அதனால் மின்சாரக் கிட்டாருக்கு மாறினார். புதுமை செய்யவேண்டும் என்றெல்லாம் இல்லை, காதில் விழவேண்டும், அவ்வளவுதான். பாட்டு அதே மிசிசிப்பிப் பாட்டு; சத்தம் மட்டும் நகரத்துச் சத்தம்.

மேக்ஸ்வெல் தெருவில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை கூடும். பாட்டுக்காரர்கள் பக்கத்து வீடுகளில் சில்லறை கொடுத்து, ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து, ஆம்ப்ளிஃபயரை நடைபாதையில் வைத்து வாசிப்பார்கள். லிட்டில் வால்டர் என்று ஒரு பையன். மவுத் ஆர்கனையும் மைக்கையும் சேர்த்து இரண்டு கைக்குள் பொத்திப் பிடித்து ஊதுவான். விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்த அந்த வாத்தியம் சாக்ஸபோன் போல உறும ஆரம்பித்தது. அவன் மடி வாட்டர்ஸின் குழுவில் சேர்ந்துகொண்டான்.

1948இல் மடி வாட்டர்ஸின் ஒரு தட்டு வெளிவந்தது. போலந்திலிருந்து குடியேறிய லெனார்ட் செஸ், ஃபில் செஸ் என்ற யூத சகோதரர்கள் பின்னால் செஸ் ரெக்கார்ட்ஸ் நடத்தினார்களே, அதற்கு முந்தைய கம்பெனி வெளியிட்டது. முதல் அச்சு ஒரே நாளில் தீர்ந்துபோயிற்று. மேக்ஸ்வெல் தெருக் கடையில் ஆளுக்கு இத்தனைதான் என்று கட்டுப்பாடு. "ஐயா, பாடினவனே நான்தான்" என்று கெஞ்சியும் கடைக்காரர் கூடுதலாகக் கொடுக்கவில்லை. வீட்டுக்காரியை அனுப்பி இன்னொன்று வாங்கவைத்தார் என்று சொல்வார்கள்.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 1961, இங்கிலாந்தில் டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையம். (மறுபடியும் ரயில்!) மிக் ஜாகர் என்ற கல்லூரிப் பையன் கையில் செஸ் கம்பெனி தட்டுகள். சின்ன வயதுப் பழக்கக்காரன் கீத் ரிச்சர்ட்ஸ் அதைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுக்கிறான். அந்தப் பேச்சு ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் இசைக் குழுவில் போய் முடிந்தது. அந்தப் பெயரே மடி வாட்டர்ஸின் 1950ஆம் வருஷப் பாட்டுத் தலைப்பிலிருந்து எடுத்ததுதான். 1964இல் அமெரிக்கா போனபோது, மிச்சிகன் அவென்யூவில் இருந்த செஸ் ஸ்டூடியோவைத் தேடிப்போய் அங்கேயே ஒலிப்பதிவு செய்தார்கள். இன்னொரு செய்தி: ராக் பாடகர் சக் பெர்ரியை செஸ் கம்பெனிக்குப் போகச் சொன்னதும் மடி வாட்டர்ஸ்தான். சக் பெர்ரி 1958இல் சிகாகோவில் பதிவுசெய்த 'ஜானி பி. குட்' பாட்டு, 1977இல் வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தட்டில் இருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள்.

தாமஸ் டோர்சி. ஜார்ஜியாவிலிருந்து வந்த பியானோக்காரர். மதுக்கடைகளில் இரட்டை அர்த்தப் பாட்டுப் பாடிப் பெயர் வாங்கியவர். 1932இல் பிரசவத்தில் மனைவி இறந்துபோனார், பிள்ளையும் தங்கவில்லை. அந்தத் துக்கத்தில், என் கையைப் பிடித்துக்கொள் ஆண்டவரே என்று ஒரு பாட்டு எழுதினார். மதுக்கடையில் கற்ற தாளத்தைத் தேவாலயத்துக்குள் கொண்டுபோனவர் அவர். முதலில் பல போதகர்கள் முகம் சுளித்தார்கள். பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த பாடகி மகேலியா ஜாக்சன். மார்ட்டின் லூதர் கிங்குக்கு உயிரான பாட்டு அது. 1968இல் கிங்கின் இறுதிச் சடங்கில் மகேலியாதான் அதைப் பாடினார்.

அந்தக் கிங் 1963இல் வாஷிங்டனில் பேசியபோது, "உங்கள் கனவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்ததும் இதே மகேலியாதான். எழுதிவைத்த தாளை விட்டுவிட்டுக் கிங் பேசியதுதான் இன்றைக்கும் எல்லோரும் மேற்கோள் காட்டும் பகுதி. இதற்கே தனியாக ஒரு உரை வேண்டும்.

கவிஞர் குவெண்டலின் புரூக்ஸ். கைக்குழந்தையாக சிகாகோவுக்கு வந்து, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த தெருவையே எழுதியவர். 1950இல் அமெரிக்காவின் பெரிய எழுத்துப் பரிசான புலிட்சர், கறுப்பினத்தவருக்குக் கிடைத்த முதல் புலிட்சர். செய்தி வந்தபோது வீட்டில் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்தது, பணம் கட்டாததால்.

கடைசியாக ஸ்டட்ஸ் டெர்க்கல். நியூயார்க்கில் பிறந்து சின்னப் பையனாக வந்து சேர்ந்தவர். சிகாகோ வானொலியில் நாற்பத்தைந்து வருஷம் பேட்டி எடுத்தார். ஒலிப்பதிவுக் கருவியைச் சரியாக இயக்கத் தெரியாது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வானொலியில் பேசுகிறவன் இவரிடமிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும், நேரம் இல்லை. அந்தப் பேட்டிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மகேலியாவின் பேட்டியும் இருக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள். செய்திக்கு நேரமாகிவிட்டது என்கிறார்கள். வணக்கம்.